சீட்டுப் பணத்தில் எதை வாங்குவது: புத்தகமா, அலமாரியா, கிண்டிலா?

போன மாதம் சீட்டு எடுத்தேன். தள்ளுபடி போகக் கையில் 17,000 ரூபாய். மிக்சி இரைகிறது, மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சீட்டில் சேரும்போதே நான் சொல்லிவிட்டேன், இது என் வாசிப்புக்கான பணம், டிபன் காசில் மிச்சம் பிடித்துக் கட்டுவது, இதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று. அவ்வளவு வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எதற்குச் செலவழிப்பது என்பதில் எனக்கே தெளிவில்லை. மொத்தத்துக்கும் புத்தகம் வாங்கலாம். மின்னூல் படிக்கிற கிண்டில் கருவி வாங்கலாம். இருக்கிற புத்தகங்களை மழையிலிருந்து காப்பாற்ற நல்ல அலமாரி ஒன்று வாங்கலாம். இல்லை, நூலகத்தில் எடுத்துப் படித்துக்கொண்டு, பணத்துக்கு மிக்சியையே மாற்றிவிடலாம்.

ஒரு மாதமாக ரயிலில் இதே யோசனைதான். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு, வேலை அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில். குழித்துறையில் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம், சாயங்காலம் திரும்பி வர இன்னொரு மணி நேரம், சிக்னலுக்கு நிறுத்திப் போட்டால் அதற்கும் மேலே. என் வாசிப்பில் முக்கால்வாசி அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நடக்கிறது. மீதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, தூக்கம் வரும் வரைக்கும். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்த வழி நல்லது என்று கேட்பவர்கள் முதலில் தாங்கள் எங்கே உட்கார்ந்து, எப்போது படிக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் கேட்டால் வருகிற பதில் எல்லாமே அடுத்தவருக்கான பதிலாகத்தான் இருக்கும்.

இந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா பள்ளிக்கூடம் போனது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை ஒட்டி பைண்டு செய்துவிடுவாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் பெரிய கதைகளெல்லாம் அந்த பைண்டுகளில்தான். கதைப் பக்கத்தின் பின்னால் பாதித் துணுக்கு ஒன்று இருக்கும், அதன் மீதி கிழிக்காத பக்கத்தோடு எங்கேயோ போயிருக்கும். அப்படிப் பாதியில் நின்ற ஜோக்குகள் ஒரு நூறாவது எனக்கு மனப்பாடம், ஒன்றுக்கும் முடிவு தெரியாது.

சரி, முதலில் புத்தகம் வாங்கும் கணக்கு. 200 பக்கத் தமிழ்ப் புத்தகம் இப்போது சுமார் 250, 300 ரூபாய். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, புத்தகக் கண்காட்சியில் வழக்கமான 10 சதவீதக் கழிவும் உண்டு. ஆக 17,000 ரூபாய்க்கு அறுபது புத்தகம் வரும். மாதம் மூன்று படிக்கிற எனக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் தாங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில் மொத்தமாக வாங்கின புத்தகம் மொத்தமாகப் படிக்கப்படுவதில்லை. நாகர்கோவில் கண்காட்சியில் இரண்டு வருஷத்துக்கு முன் பை நிறைய வாங்கி வந்தேன், அதில் ஐந்து இன்னும் விலைச் சீட்டு கூடப் பிரியாமல் இருக்கிறது. கண்காட்சியில் புத்தகம் வாங்குகிறவள் வேறு ஒருத்தி, ஆபீஸ் முடிந்து ரயிலில் படிக்க உட்காருகிறவள் வேறு ஒருத்தி. முதல் ஆளுக்கு ஆசை அதிகம்.

தபாலில் வரவழைப்பதும் முன்னே போல இல்லை. சின்னப் பதிப்பகங்கள் குறைந்த செலவில் அனுப்பப் பயன்பட்ட பதிவு புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு ஐம்பது, அறுபது ரூபாய் அனுப்பும் செலவு என்றால் கை தானாகப் பின்வாங்குகிறது. ஜூன் மாதத்தில் ஆன்லைனில் வாங்கினால் இன்னொரு கூத்து. ஒரு தடவை பார்சலை மதில் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், நான் ரயில் இறங்கி வருவதற்குள் கவிதைத் தொகுப்பு அப்பம் மாதிரி ஊறிக் கிடந்தது. தேய்ப்புப் பெட்டி வைத்துப் பக்கம் பக்கமாகக் காயவைத்தேன். இப்போது அது இரண்டு மடங்கு தடிமன், கவிதைகள் அதே அளவுதான்.

ஆனால் வாங்குவதற்கு ஆதரவாக ஒன்று உண்டு, அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. தமிழில் நிறையப் புத்தகங்கள் இப்போது சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன, தீர்ந்தால் மறுபடி எப்போது வரும் என்று பதிப்பாளருக்கே தெரியாது. நூலகத்திலும் இல்லை, கடையிலும் இல்லை, மின்னூலும் இல்லை என்று ஆகிவிடக்கூடிய புத்தகம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்கிவிட வேண்டும். மற்றதுக்கெல்லாம் அவசரமில்லை. நல்லா விற்கிற நாவல் அடுத்த வருஷமும் கிடைக்கும்.

அப்புறம் நூலகம். எல்லைக்கோட்டில் வீடு இருப்பதால் எனக்கு இரண்டு மாநிலத்து நூலகமும் பழக்கம், இரண்டும் இரண்டு விதம்.

நம் பக்கத்தில் நூலகம் என்பது அரசாங்கத்தின் பொறுப்பு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் அன்றைய சென்னை மாகாணம் போட்டது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள், இப்போது ரூபாய்க்கு 10 பைசா. வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். அதாவது நூலகத்துக்குள் காலே வைக்காதவரும் காசு கட்டியாச்சு. உறுப்பினராகச் சேரக் கட்ட வேண்டியது ரொம்பச் சொற்பம். என் பக்கத்துக் கிளை நூலகத்தில் நாவல்கள் நிறைய, அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகள் மேஜையை நிறைத்து உட்கார்ந்திருப்பார்கள், புதிய புத்தகம் வருவது மட்டும் தாமதம். எனக்கு உள்ள ஒரே சண்டை நேரம். நான் குழித்துறையில் இறங்கி வரும்போது பூட்டிக்கொண்டிருப்பார்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆக ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்கு வாய்க்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கு ஐந்து விதிகள் வகுத்தார், அதில் நாலாவது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. வேலைக்குப் போய்த் திரும்பும் வாசகர்கள் ராத்திரி எட்டு மணிக்குத்தான் ஓய்கிறார்கள் என்பதை யாராவது ஆறாவதாகச் சேர்த்தால் தேவலை.

அந்தப் பக்கம் கதை வேறு. பாறசாலை தாண்டி என் மாமன் வீடு, அங்கே நடந்து போகிற தூரத்தில் ஒரு வாயனசாலை, அதாவது ஊர் நூலகம். அரசாங்கம் மானியம் தரும், தரம் பிரிக்கும், ஆனால் நடத்துவது ஊர்க்கமிட்டி. சாயங்காலம்தான் திறப்பார்கள். பேப்பர் படிக்கிறவர், கேரம் ஆடுகிறவர், தேர்தல் அலசுகிறவர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். புத்தகம் எடுத்துக் கொடுக்கிற பெண் பாதி நாள் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கும், "சேச்சி, போன தடவை கொண்டுபோனது முடிச்சாச்சா" என்று வாசலிலேயே கேட்டுவிடும். மாமனுக்கு இதில் பெருமை தாங்காது. "ஒங்க ஊருல லைப்ரரி சர்க்காருக்க சொத்து, இஞ்ச இது எங்களுக்க சொத்தாக்கும்" என்பார். ஓடு உடைந்தால் கமிட்டிதான் காசு பிரிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

இந்த வாயனசாலைப் பழக்கத்தின் வேர் பி.என்.பணிக்கர். 1945-இல் 47 நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கியவர். அவர் இறந்த ஜூன் 19-ஐத்தான் அங்கே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த 1945-இல் எங்கள் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் திருவிதாங்கூரில்தான் இருந்தன, 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டுக்கு வந்தோம். அதனால்தானோ என்னவோ, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் நூலகம் என்ற சொல் வருவதில்லை, வாசகசாலை என்றுதான் சொல்வார்கள்.

மாமன் பக்கத்து வாயனசாலையில் தமிழுக்கு ஒரே ஒரு தட்டுதான், அதில் இருப்பதெல்லாம் நான் பிறப்பதற்கு முந்தின அச்சு. மலையாளம் படிக்கத் தெரிந்தால்தான் அந்த இடத்தின் முழு லாபம். நான் கற்றது பஸ் போர்டு வாசித்துப் பழகின மலையாளம். ஒரு சிறுகதையை முடிக்க ஒரு போக வர ரயில் ஆகும், ஆனாலும் முடித்துவிடுவேன். திருவனந்தபுரம் நகரத்துக்குள் என்றால் பாளையத்தில் மாநில மத்திய நூலகம் இருக்கிறது, 1829-இல் தொடங்கியது, தமிழ்ப் பிரிவும் உண்டு. ஆபீஸ் சீக்கிரம் விடுகிற நாளில் போய் உட்கார்வேன். அங்கே உட்கார்ந்து படித்துவிட்டு வருவதோடு சரி, வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, ரயிலுக்கு ஓட வேண்டுமே.

செலவு என்று பார்த்தால் நூலகத்தை அடிக்க எதுவும் கிடையாது. திருப்பிக் கொடுக்கும் தேதி இருப்பதால் படித்தும் முடிக்கிறோம், இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. சொந்தப் புத்தகம் காத்திருக்கும், நூலகப் புத்தகம் காத்திருக்காது. என் வழக்கம் இப்போது இப்படித்தான்: முதலில் நூலகத்தில் எடுத்துப் படிப்பேன், திருப்பிக் கொடுக்க மனசு வராத புத்தகத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குவேன். வருஷத்தில் ஏழெட்டு அப்படித் தேறும்.

கிண்டிலுக்கு வருகிறேன். ஆபீஸில் கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் பேப்பர்வைட் என்ற பழைய கிண்டில் இருந்தது, பதினைந்து நாள் கடன் வாங்கிப் பார்த்தேன். புதிது வாங்க வேண்டுமென்றால் 17,000 ரூபாய் பக்கம் வருகிறது, என் சீட்டுப் பணம் முழுக்க. நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரயிலில் இதற்கு இணை இல்லை. கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் வைத்துப் படிக்கலாம், ஜன்னல் வெயிலில் செல்போன் மாதிரி கண் கூசாது, ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. 2016 கடைசியில் தமிழ் நூல்கள் கிண்டிலில் வரத் தொடங்கின, மலையாளமும் அதே சமயத்தில் வந்தது, இப்போது இரண்டிலும் நிறையவே இருக்கின்றன. இலவசமாகவும் கிடைக்கும். மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய இலக்கியங்களை மின்னூலாக்கி வருகிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, அரசுடைமையான நூல்கள் இருக்கின்றன. பாரதியின் எழுத்து 1949-இலேயே அரசுடைமையாகிவிட்டதே. ஆசிரியர் இறந்து 60 வருஷம் ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி காப்புரிமையும் முடிந்துவிடும்.

ஆனால் இலவசமாகக் கிடைப்பதில் பெரும்பகுதி ஸ்கேன் செய்த பிடிஎஃப். அங்கேதான் பிடி இருக்கிறது. முழுப்பக்கப் படமாக இருப்பதால் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது, பக்கத்தையே இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும், ஒரு வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும். எழுத்தைப் பெரிதாக்க முடிகிற ஈபப் கோப்பாகக் கிடைத்தால் மட்டும் நிம்மதி. இன்னொன்று, காசு கொடுத்து வாங்கின மின்னூல் உண்மையில் நம்முடையதா என்பது. 2025 பிப்ரவரி கடைசியோடு, வாங்கின நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை எடுத்துவிட்டார்கள். மாதச் சந்தா என்றால் சந்தா முடிந்ததும் தட்டு காலி. அம்மாவின் கோணி ஊசி பைண்டை நாற்பது வருஷம் கழித்து நான் திறக்கிறேன். இதை என் பிள்ளை நாற்பது வருஷம் கழித்துத் திறக்குமா என்று கேட்டால் எனக்கு நம்பிக்கை இல்லை.

செல்போனில் படிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படிக்கலாம், யாரும் தடுக்கவில்லை, ஆனால் மூன்றாவது பக்கத்தில் குடும்பக் குழுவில் குட்மார்னிங் வந்துவிடும். ஒலிநூல் பாத்திரம் கழுவும்போது நன்றாக இருக்கிறது. ரயிலில் சரிப்படவில்லை, நெய்யாற்றின்கரையில் ஏறுகிற கூட்டத்தின் பேச்சு எந்தக் கதையை விடவும் சுவாரஸ்யம்.

கடைசியாக அலமாரி. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் எங்கள் ஊரில் ஒரு மழைக்காலம் இருந்து பார்க்க வேண்டும். பல மாவட்டங்களுக்கு ஒரு மழை என்றால் எங்களுக்கு இரண்டு: ஜூனில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாமழை. சுவர் வியர்க்கும். அட்டையில் பச்சையாகப் பூசணம் படரும். பைண்டின் பசைக்கு இராமபாணப் பூச்சி வரும், வெள்ளியாய் வழுக்கிக்கொண்டு ஓடும், அடிக்கக் கை ஓங்குவதற்குள் காணாமல் போகும். எல்லாவற்றுக்கும் மேலே கரையான், இங்கே சிதல் என்போம். போன துலாமழையில் மரத்தட்டின் அடி வரிசையில் ஒரு புத்தகத்தை உருவினேன், அட்டை வந்தது, உள்ளே மண். அம்மாவின் பைண்டுகளில் மூன்று அப்படிப் போயின. புதிதாக வாங்கினால் கிடைக்காத மூன்று. அதில் ஒரு தொடருக்குப் பெயர் கூட எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில்லை, கதாநாயகி ரயிலில் ஏறிப் போவதோடு முடியும், அவ்வளவுதான் தெரியும்.

விசாரித்ததில் தெரிந்தது, இரும்பு அலமாரிதான் சரி, கண்ணாடிக் கதவோடு கிட்டத்தட்ட 11,000 ரூபாய். மரம் அழகு, ஆனால் சிதலுக்குப் பந்தி. சுவரை ஒட்டிப் போடக் கூடாது, நாலு விரல் இடைவெளி விட வேண்டும், காலுக்குக் கீழே கிண்ணம் வைத்தால் இன்னும் நல்லது. புத்தகங்களை இறுக்கி அடைக்கக் கூடாது. வசம்பையோ பாச்சை உருண்டையையோ துணியில் முடிந்து போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, வெயில் அடிக்கிற நாளில் கதவைத் திறந்து காற்றாட விடுவதுதான் உண்மையான மருந்து. ஈரமாக இருக்கும் புத்தகத்தை உள்ளே வைத்துப் பூட்டினால் அலமாரியே பூசணப் பண்ணை ஆகிவிடும்.

ஆக என் கணக்கு இப்படி நின்றது. புதுப் புத்தகம் மொத்தமாக வாங்குவதை முதலில் அடித்துவிட்டேன். படிப்பதற்கு நூலகம் போதும். ரயிலுக்கு கிண்டில் வசதிதான், ஆனால் நூலகப் புத்தகமும் அதே ரயிலில்தான் இத்தனை வருஷம் வந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கம் புரட்டும் வித்தை எனக்கு அத்துப்படி. அலமாரியைத் தள்ளிப்போட்டால் போவதைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் 11,000 அலமாரிக்கு, இரண்டாயிரம் அச்சில் தீர்ந்துபோகும் என்று நான் பயந்துகொண்டிருந்த ஆறு புத்தகங்களுக்கு, மீதி வீட்டுக்காரரின் மோட்டார் காயிலுக்கு. மிக்சி இன்னும் இரைகிறது.

நூலகம் பக்கத்தில் இல்லாதவர்கள், வாடகை வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள், வளைகுடாவுக்குப் போகிறவர்கள், இவர்களுக்கு நான் கிண்டிலைத்தான் சொல்வேன், யோசிக்கவே வேண்டாம். எங்கள் பக்கம் வீட்டுக்கொரு ஆள் வெளியூரில் இருக்கிறார்கள், பெட்டியில் துணிமணியோடு புத்தகத்தையும் அள்ளிக்கொண்டு போக விமானத்தின் எடைக் கணக்கு இடம் தராது. வீட்டில் ஒரு தட்டுகூட இல்லாமல் புதிதாகப் படிக்கத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு இதில் எதுவும் வேண்டாம், நூலக அட்டை ஒன்று எடுத்துக் கொடுத்தால் போதும்.

ஒன்றை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். அந்தக் கடன் கிண்டில் வீட்டில் இருந்த பதினைந்து நாளில் பத்து நாள் அது அம்மாவிடம்தான் இருந்தது. அம்மாவுக்குக் கண்ணில் புரை, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாள், பேப்பரின் தலைப்பு மட்டும்தான் தெரியும். நான் எழுத்தை வரிக்கு மூன்று நாலு சொல் வருகிற அளவுக்குப் பெரிதாக்கிக் கையில் கொடுத்தேன். முதல் நாள் திட்டினாள், தொட்டால் ஓடுகிறது, தொடாவிட்டால் நிற்கிறது, இது என்ன சாதனம் என்று. மூன்றாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அவள் அறையில் வெளிச்சம். "இது கொள்ளாமே மக்களே, எழுத்து எனக்க வெரலு தண்டி இருக்கு" என்றாள்.

கிண்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அலமாரி வந்துவிட்டது, பைண்டுகள் நடுத்தட்டில் நாலு விரல் காற்றோட்டத்தோடு நிற்கின்றன. அம்மா அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "அந்தப் பிள்ளைக்க சாதனம் இனி எப்பம் வரும்?" என்று கேட்டாள். அடுத்த மாதத்திலிருந்து புதுச் சீட்டு ஒன்றில் சேர்கிறேன்.